அக்கா பொறுக்கிக் கொடுத்த மீன்

மீன் வெட்டும் கொட்டகையில் அவளுக்கு ஒருவெட்டு அக்கா என்று பெயர். மீனின் வயிற்றைத் திறக்க மற்றவர்கள் இரண்டு இழுப்பு, மூன்று இழுப்பு இழுப்பார்கள். அக்காவுக்கு ஒன்று போதும். கத்தி முனையை வால்பக்கம் வைத்தால், கண்ணை மூடித் திறப்பதற்குள் அது தாடைக்கு அடியில் வந்து நிற்கும். உள்ளே இருப்பது எதுவும் சிதையாமல் கையோடு வந்துவிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ ஓர் அட்டையில் இருக்கத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

இருபத்தாறு வயதில் கைக்குழந்தையோடு இந்தக் கொட்டகைக்கு வந்தாள். வெளியூரில் வேலை தேடிப் பார்க்கிறேன் என்று கிளம்பிய புருஷன் இன்றைக்கு வரைக்கும் தேடிக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது, ஆளைக் காணோம். அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தவளிடம் அவள் தம்பி ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறுதல் சொல்லத் தெரிந்த பிறவியும் இல்லை அவன். காலையில் காயலில் பிடித்த மீனைக் கூடையோடு கொண்டுவந்து கொட்டகை மேடையில் கவிழ்த்தான். பக்கத்தில் ஒரு கத்தியை வைத்தான். "வெட்டு" என்றான். அவ்வளவுதான், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அன்றைக்கு அவள் நாலு மீனைக் கெடுத்தாள், ஒரு விரலையும் கெடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம், தம்பியின் முதல் கூடை அக்காவின் மேடைக்குத்தான். அதைப் பார்த்துத்தான் மற்ற படகுக்காரர்களும் அவளிடம் மீனைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மகள் நர்ஸுக்குப் படித்தது, வீட்டுக் கூரை மாறியது, இவள் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல் இருந்தது எல்லாம் அந்தக் கூடையில் தொடங்கியதுதான். அதை அவள் ஒரு நாளும் மறந்ததில்லை. மறக்காததை அவனிடம் சொன்னதும் இல்லை. அக்காளும் தம்பியும் அந்த விஷயத்தில் ஒரே அச்சு.

கொட்டகை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை, எட்டு சிமெண்ட் மேடை, நடுவில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால், எட்டுப் பெண்கள். கடலும் ஆறும் கலக்கும் அந்தக் காயலில் கிடைப்பதெல்லாம் அங்கே வரும். ஆனால் ஊரை வாழவைத்தது மடவை மீன். வருஷத்தில் சில வாரம் மடவை வயிறு முட்டச் சினை பிடித்து, முட்டை விடுவதற்காகக் காயலை விட்டு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகும். அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. சதையும் தலையும் வாங்கியவருக்கு; முட்டைப் பையான சினை, வெட்டியவளுக்கு. யார் எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது. மேடைக்கு அடியில் ஆளுக்கொரு வாளி இருக்கும், சினை அதில் விழும்.

இதில் அக்காவுக்கு ஓர் உறுத்தல். வாங்குகிறவர் எடை போட்டு வாங்குகிறார், அந்த எடையில் ஒரு பங்கைத் தான் எடுத்துக்கொண்டு போகிறோமே என்று. போதாததற்கு, சினை பிடித்த மீனில் சதை வற்றிப்போயிருக்கும். அதனால் அவள் மதிக்கிற மனிதர் யாராவது மீன் கேட்டால், கூடைக்குள் கையை விட்டு, வயிற்றை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்து, வெறும் வயிற்று மீனாக, கெட்டிச் சதையாகப் பொறுக்கி எடுப்பாள். செவுளுக்குள் நீல நைலான் நூலைக் கோத்து, நாலு நாலாகக் கட்டிக் கொடுப்பாள். அந்த நீலக் கட்டு கையில் இருந்தால் அக்காவிடம் மரியாதை இருக்கிறது என்று அர்த்தம். மீனவர் சங்கத் தலைவருக்கே ஒரு முறைகூட அது கிடைத்ததில்லை.

ஆபீசரம்மாவுக்கு வாராவாரம் கிடைத்தது.

ஆபீசரம்மா மீன்வளத் துறையில் ஆராய்ச்சிப் பிரிவு. அக்காவைவிட நாலைந்து வயது சின்னவள். வாரத்துக்குப் பத்து மடவை வாங்கிப் போய், அளந்து, அறுத்து, எழுதிவைப்பது அவள் வேலை. வந்த முதல் நாளே கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் உட்கார்ந்து, எட்டுப் பெண்களையும் "நீங்க" போட்டுப் பேசினாள். அந்தக் கொட்டகைக்குள் அதற்கு முன்னால் "நீங்க" என்ற சொல் வந்த நினைவே யாருக்கும் இல்லை. ஒரு தடவை அக்காவின் உள்ளங்கையில் கத்தி இறங்கி, ரத்தம் நிற்காமல் போனபோது, கழுத்துத் துண்டை அவிழ்த்துக் கட்டி, தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதும் அவள்தான். ஏழு தையல். தையல் போடுகிற வரைக்கும் பக்கத்தை விட்டு நகரவில்லை. வண்டி இருக்கையில் பட்ட கறை இன்னும் போகவில்லை என்பார்கள்.

அந்த நன்றியை அக்கா எப்படிக் காட்டுவாள்? அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் காட்டினாள். ஆபீசரம்மாவின் ஐஸ் பெட்டிக்கு வாராவாரம் பத்து மீன், ஒவ்வொன்றும் அவள் விரல் அமுக்கிப் பார்த்த, வெறும் வயிற்று, முதல் தர மீன். இரண்டு வருஷம் ஒரு வாரம் தவறாமல். ஆபீசரம்மாவும், மற்ற இடத்து மீன் ஐஸில் கிடந்து நைந்துவிடுகிறது, இங்கேதான் நன்றாகக் கிடைக்கிறது என்று சந்தோஷமாக வாங்கிப் போனாள்.

மூன்றாம் வருஷம் மழைக்கு முன்னால் துறையிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. மடவையில் சினை பிடிக்கும் தாய்மீன் அற்றுப்போய்விட்டதாம். காயல் முழுவதையும் ஒரு வருஷம் மூடப் போகிறார்களாம். சம்பந்தப்பட்ட அனைவரிடமும் கருத்துக் கேட்க ஒரு கூட்டமாம். கீழே பட்டியலும் இருந்தது. படகுக்காரர், வலைக்காரர், ஏலக்காரர், லாரிக்காரர், ஐஸ் உடைக்கிற மிஷின் வைத்திருப்பவர்கூடச் சம்பந்தப்பட்டவர். தினம் விடிந்தால் நூற்றுக்கணக்கில் மீன் வயிற்றைத் திறந்து பார்க்கிற எட்டுப் பெண்கள் மட்டும் சம்பந்தப்படவில்லை. நல்ல கூத்து!

தம்பி நோட்டீஸை இரண்டு தடவை படித்தான். அவனுடையது சின்னப் படகு, கடலுக்குள் போக லாயக்கில்லாதது. காயலை மூடினால் பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தூரத்தில் கட்டட வேலைக்குப் போவதைத் தவிர வழியில்லை. மேஸ்திரி ஒருவரிடம் பேசியும் வைத்துவிட்டான். போன குடும்பம் எதுவும் திரும்பி வந்ததாக அந்த ஊரில் சரித்திரம் இல்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. தனக்கு ஒரு வாழ்க்கையைக் கூடையில் கொண்டுவந்து கொட்டியவன் மூட்டை கட்டுவதைப் பார்க்கவா இத்தனை வருஷம் இங்கே உட்கார்ந்திருந்தோம் என்று மனசு அடித்துக்கொண்டது.

கூட்டத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. ஆனால் தம்பி சங்க அட்டையை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போக, அதைக் கொடுக்க ஓடினாள். கொடுத்தவள் வெளியே வரவில்லை. குடிதண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றுகொண்டாள். மேடையில் பெரிய அதிகாரி. அவர் பக்கத்தில் ஆபீசரம்மா. சங்கத் தலைவர் எழுந்து, சினை மீன் ஏராளமாக இருக்கிறது, இது பொய்க் கணக்கு என்று கத்திக்கொண்டிருந்தார். எங்கே இருக்கிறது, எப்போது பார்த்தீர்கள், எத்தனை என்று பெரிய அதிகாரி கேட்டதும் தலைவர் பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? பிடித்த மீனை முழுசாகக் கூடையில் போட்டு அனுப்புகிறவர்களுக்கு மீனின் முதுகு தெரியும். வயிற்றுக்குள் இருப்பது வெட்டுகிறவளுக்குத்தான் தெரியும்.

ஆபீசரம்மா எழுந்து திரையில் படம் காட்டினாள். இரண்டு வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம் மடவை. சினை முற்றிய தாய்மீன் பத்தொன்பது. அக்காவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பத்தொன்பதா? மழை விட்ட வாரத்தில் ஒரு மத்தியானத்துக்குள் அவள் வாளியில் அதைவிட அதிகம் விழுமே! படித்தவர்கள் எங்கே போய் எண்ணினார்கள் என்று நினைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். வெள்ளைத் தட்டில் வரிசையாகப் பத்து மீன். கொழுகொழுவென்று, வயிறு ஒட்டி, கெட்டிச் சதை. செவுளில் நீல நூல்.

அக்கா இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். அது அவள் கட்டு. அவள் முடிச்சு. ஆயிரத்துச் சொச்சமும் அவள் கை அமுக்கிப் பார்த்துப் பொறுக்கியது. அந்தப் பத்தொன்பதும் அவள் விரல் ஏமாந்த பத்தொன்பது. தாய்மீனைக் காணோம் என்று இத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்களே, அதை ஒளித்துவைத்தவள் இங்கே டிரம் பக்கத்தில் நிற்கிறாள்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பேசாமல் நழுவியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் ஊரே காறித் துப்பும், ஆபீசரம்மா முகத்தில் இனிமேல் விழிக்க முடியாது. ஆனால் முன்வரிசையில் தம்பியின் பிடரி தெரிந்தது. வெயிலில் கறுத்து, நாற்பது வயதுக்குள் சுருங்கிப்போன பிடரி. அதைப் பார்த்துக்கொண்டு எப்படி நழுவுவது?

"அம்மா," என்றாள். யாரும் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னாள். "ஆபீசரம்மா, அந்த மீனெல்லாம் நான் பொறுக்கிக் கொடுத்தது. சினை இருக்கிறதை எல்லாம் ஒதுக்கிட்டு, நல்லதா பார்த்து எடுத்தேன். உங்களுக்குன்னு."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

கூட்டம் முழுக்கத் திரும்பி டிரம் பக்கம் பார்த்தது. பிறகு ஒரே இரைச்சல். சிலர் சிரித்தார்கள், பலர் திட்டினார்கள். தலைவர் அந்தக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள் என்று நாற்காலியில் ஏறி நின்றார். பெரிய அதிகாரி ஆபீசரம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. இரண்டு வருஷ உழைப்பு ஒரு நிமிஷத்தில் போனால் யாருக்குத்தான் கோபம் வராது? எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆபீசரம்மா மைக்கை எடுத்தாள். "தப்பு இவங்களோடது இல்ல, என்னோடது. மீனை எப்படி எடுக்கிறீங்கன்னு ரெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட நான் கேக்கல." அப்புறம் பெரிய அதிகாரியிடம் குனிந்து என்னவோ பேசினாள். மூடும் உத்தரவு அந்தப் பருவம் முடிகிற வரைக்கும் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஒரு வார்த்தைக்காக, பழியை அக்கா மேல் போடாமல் தானே ஏற்றுக்கொண்ட அந்த ஒரு வார்த்தைக்காக, அக்கா இன்றைக்கும் அவளை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

தம்பி கும்பிடவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் பத்தடி முன்னால் நடந்தான். வீட்டுத் திருப்பத்தில் நின்றான். "உன் மரியாதைக்கு என் வயிறுதான் கெடைச்சுதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனான். மறுநாள் காலையில் முதல் கூடை பக்கத்து மேடையில் இறங்கியது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

அன்றைக்கே ஆபீசரம்மாவும் வந்தாள். ஐஸ் பெட்டி இல்லை, கையில் நோட்டு. விரலால் அமுக்கி எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை, காட்டத்தான் தெரியும் என்றாள் அக்கா. ஒரு கூடையிலிருந்து கைக்கு வந்தபடி முப்பது மடவையை எடுத்து, ஒவ்வொன்றையும் அமுக்கி, சினை, வெறும் வயிறு, சினை என்று அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, பிறகு வெட்டிப் பார்த்தார்கள். இருபத்தொன்பது சரி. தவறிப்போன அந்த ஒரு மீனைப் பற்றிப் பேச்செடுத்தால் அக்காவுக்கு இன்னும் மூக்குக்கு மேல் கோபம் வரும், அது தின்ற பாசிதான் வயிற்றில் உருண்டிருந்தது என்பாள்.

அடுத்த கேள்விதான் சிக்கல். சினை எந்த வாரத்தில் ஆரம்பித்து எந்த வாரத்தில் முடிகிறது? எட்டுப் பெண்களில் ஒருத்தியும் எழுதிவைத்ததில்லை. தேதி கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போது கடைசி மேடைக்காரி, ஆரம்பத்தில் சினை என் வீட்டுக்கு மட்டும்தான் பத்தும் என்றாள். அப்புறம் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் கொடுப்பேன் என்றாள். அக்கா பிடித்துக்கொண்டாள். "அப்புறம் தெரு முழுக்க. அதுக்கப்புறம் வாடகை வாங்குற வீட்டுச் சொந்தக்காரருக்கே கொடுத்துடுவோம், அவருக்கெல்லாம் மத்த நாள்ல ஒரு செதில்கூடப் போகாது." எல்லோரும் சிரித்தார்கள். ஆபீசரம்மா சிரிக்கவில்லை, வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். எந்தத் தெருவுக்கு எப்போது போயிற்று, மழை எப்போது, பள்ளிக்கூட லீவு எப்போது, யார் மகளுக்கு அப்போது எத்தனை மாசம் என்று தோண்டித் தோண்டிக் கேட்டாள். வெயில் ஏறுவதற்குள் எட்டுப் பேர் ஞாபகமும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றது. முதல் மழை விட்ட பத்தாம் நாளிலிருந்து ஏழு வாரம். அதற்கு முன்னாலும் பின்னாலும் சினை வீட்டு வாசலைத் தாண்டாது.

சரியா என்று பார்க்க அந்தப் பருவம் முழுக்க மீன் எடுத்தார்கள். இந்த முறை ஒரு நிபந்தனை, பொறுக்கக் கூடாது. படகிலிருந்து இறங்கும் கூடையில் கை போன இடத்தில் எது கிடைக்கிறதோ அது. அக்கா பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுப்பாள். நைந்தது வரும், குட்டி வரும், வால் கடிபட்டது வரும். விரல் தானாக வயிற்றுப் பக்கம் போகும், அதை மடக்கிக்கொள்வாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவளுக்கு இப்படிக் குப்பையைக் கொடுக்கவேண்டியிருக்கிறதே என்று புலம்புவாள். ஆபீசரம்மா அந்தக் குப்பையைத்தான் தங்கம் மாதிரி வாங்கிப் போனாள்.

கோடையில் முடிவு வந்தது. காயல் முழுவதையும் மூட வேண்டாம். தாய்மீன் கடலுக்குப் போகும் முகத்துவாரத்தை மட்டும், அதுவும் அந்த ஏழு வாரம் மட்டும் மூடினால் போதும். அறிக்கையில் எட்டு வெட்டுக்காரிகளின் பெயரும் இருந்தது. அக்கா தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். யாரோ ஒருத்தி என்று நினைத்தாளாம். அடுத்த கூட்டத்துப் பட்டியலில் ஐஸ் மிஷின்காரருக்கு மேலே கொட்டகைக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த ஏழு வாரமும் வாளி காலியாகத்தான் கிடக்கும் என்று ஆபீசரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, பக்கத்து வீடுகள் ஒரு வருஷம் நம்மைத் திட்டட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். தம்பி மூட்டை கட்டவில்லை. மேஸ்திரிக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பினான். அதற்கு மேல் வேறென்ன வேண்டும்?

ஆனால் கூடை மட்டும் திரும்பி வரவில்லை. ரோஷக்காரன். அவன் பெண்டாட்டி வழக்கம்போல வந்து போனாள், பிள்ளைகள் அத்தை வீட்டில்தான் விளையாடின. அவன் மட்டும் மேடையைத் தாண்டும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு போவான். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவன் ஊரில் இருக்கிறான், வலையைத் தைக்கிறான், இருமினால் இங்கே கேட்கிறது. அதற்கே அவள் தினமும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

மழை வந்தது. முகத்துவாரத்தை முதல் தடவையாக மூடினார்கள். தம்பி உள்காயலில் நண்டு பிடித்து ஏழு வாரத்தை ஒப்பேற்றினான். திறந்த அன்றைக்கு விடிந்ததும் படகுகள் வந்து சேர்ந்தன. அக்கா மேடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தொப்பென்று ஒரு கூடை அவள் முன்னால் கவிழ்ந்தது. முகம் முழுக்கத் தண்ணீர் தெறித்தது. நிமிர்ந்து பார்த்தால் தம்பி.

"வெட்டு" என்றான். அன்றைக்குப் போலவே திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போதே ஆபீசரம்மா வந்தாள். அக்கா உடனே முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு கூடைக்குள் கையை விட்டாள். பழகிப்போயிற்று.

"அக்கா, கண்ணைத் தெறங்க" என்றாள் ஆபீசரம்மா. அவள் கையில் ஐஸ் பெட்டி இல்லை, ஒரு துணிப்பை இருந்தது. "இது ஆபீசுக்கு இல்ல, எங்க வீட்டுக்கு. நீங்களே பொறுக்கிக் கொடுங்க."

அக்கா கையை முந்தானையில் துடைத்தாள். பதினாலு மாசமாக மடக்கி வைத்திருந்த விரலை நீட்டினாள். முதல் மீனின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள். நாலு மீன் எடுக்க அன்றைக்கு அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. தம்பியின் கூடையில் அதைவிட நல்ல மீன் அதற்கப்புறம் இல்லை. இடுப்பில் செருகியிருந்த நீல நூலை உருவி, செவுளில் கோத்து, முடிச்சை இரண்டு தடவை போட்டாள்.